வீட்டோடு கிளம்பியவர்

ஊர் சுற்றுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் முதல் வகை. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பாதி வழியில் கேஸை மூடினோமா என்று கவலைப்படுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வகை, வீட்டையே எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். சமையலறை, கட்டில், குளியலறை, மனைவி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, அதற்கு அடியில் சக்கரம் மாட்டி, "எங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். இந்தப் பிறவியை நீங்கள் பார்த்ததில்லை என்றால் கவலை வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்திருக்கிறேன்.

மோசெல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் எனக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நாங்களே பிழிந்து நாங்களே விற்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி ஒரு புல்வெளி. அங்கே வண்டிகள் நின்றுகொள்ளலாம் என்று என் மனைவி ஆக்னஸ் ஒரு வருடம் பலகை எழுதி மாட்டினாள். அன்றோடு எங்கள் வசந்தம் முடிந்தது. சரிவில் கொடிகளுக்கு நடுவே பீச் மரங்கள் ரோஜா நிறத்தில் பூத்தவுடன் முதல் வெள்ளைப் பெட்டி பாலத்தைத் தாண்டி வந்துவிடும். குயில்கூடச் சில வருடம் தாமதமாக வரும். இது வராமல் போகாது.

வந்தவர் உடனே வண்டியை நிறுத்திவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? புல்வெளி முழுக்கக் காலியாக இருக்கும். அதுதான் அவருக்குச் சங்கடம். ஒரு சுற்று சுற்றுவார், மறுபடி சுற்றுவார், இறங்கி நின்று சூரியனைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். கடைசியில் போன வருடம் நின்ற அதே மூலைக்கு வருவார். மனைவி இறங்கிப் பின்னால் போய், விமானத்தைத் தரையிறக்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டுவார். அந்த அம்மாள் வா என்றால் இவர் நிறுத்துவார், நில் என்றால் இவர் வருவார். பிறகு கண்ணாடியை இறக்கி, "உன் கை என்ன சொல்லுதுன்னு யாருக்குத்தான் புரியும்?" என்பார்.

அடுத்து ரசமட்டம். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சக்கரத்துக்குக் கீழே கட்டையை ஏற்றுவதும் இறக்குவதுமாக அரை நாள் போகும். மலைச்சரிவில் பிழைக்கிற நாங்கள் பிறந்ததிலிருந்தே சாய்ந்துதான் நிற்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அவருடைய முட்டை தட்டில் உருளக்கூடாது.

அப்புறம் நாற்காலிகள். ஆற்றைப் பார்த்துப் போடுவார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? பக்கத்து வண்டியைப் பார்த்துப் போடுவார். "உங்களது என்ன நீளம்?" என்று ஆரம்பிக்கும் பேச்சு. "ஏழு மீட்டர் நாப்பது." "அப்படியா. நம்மளது ஏழு எழுபது." அன்றைக்கு யாருக்கு யார் முதலில் வணக்கம் சொல்வது என்பது அதோடு முடிவாகிவிடும். அதற்குப் பிறகு பேச்சு கழிவறைத் தொட்டிக்கு நகரும், அங்கேயே தங்கிவிடும். காலையில் அந்தத் தொட்டியைச் சக்கரம் உருள இழுத்துக்கொண்டு, ராஜினாமா செய்யாத மந்திரி மாதிரி நிமிர்ந்து நடந்து போவாரே, அந்தக் காட்சிக்கு மட்டும் நான் கட்டணம் வாங்கலாம்.

இதற்கெல்லாம் அவர் வைத்திருக்கும் பெயர் சுதந்திரம். "நினைச்ச இடத்துல நிப்போம், நினைச்சப்ப கிளம்புவோம்!" நினைக்கிற இடம் வருடா வருடம் ஒன்றே. நினைக்கிற நேரமும் ஒன்றே, ஏனென்றால் அடுத்த ஊரில் நல்ல இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

ஒயின் வாங்குவாரா என்று கேட்கிறீர்களா? ருசி பார்ப்பார். கோப்பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, வாயில் வைத்துக் கொப்பளித்து, "ஆகா, இந்தப் பாறை மணம் இருக்கே!" என்பார். எத்தனை பெட்டி என்று கேட்டால் முகம் வாடிவிடும். "அதுல ஒரு சிக்கல். எடை." மூன்றரை டன்னுக்கு மேல் வண்டி போகக்கூடாது என்று சட்டம். அந்த மூன்றரை டன்னுக்குள் ஊரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை, டின் டின்னாகப் பருப்பு சூப், ரொட்டி சுடும் மெஷின், அதற்கு மாவு எல்லாம் வந்திருக்கும். ஒயின் தேசத்துக்கு வருகிறவர் ஒயினுக்கு மட்டும் இடம் வைக்காமல் வருகிறார்.

பழைய நகரங்களோ இன்னும் மோசம். சந்து குறுகல், வளைவு தாழ்வு, நிறுத்த இடமில்லை. ட்ரியர் நகரில் ரோமர்கள் கட்டின கருப்பு வாசல் இன்னமும் நிற்கிறது. நம்மவர் அதைப் பார்த்தாரா? பார்த்தார். சிவப்பு விளக்கு விழுந்தபோது.

இந்த இனத்துக்கு ஒரு ராஜா இருந்தால் அவர் பெயர் லோதார். காஸல் நகரத்துக்காரர். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகர். லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று பார்த்தே தலை நரைத்தவர். மனைவி ரோஸ்விதா. மெல்லிய உருவம், கனத்த குரல். ஊரில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தவர். வண்டி வந்த பிறகு அது நின்றுபோயிற்று, ஏனென்றால் ஒத்திகைகள் வசந்தத்தில் வருகின்றன, லோதாரும் வசந்தத்தில்தான் கிளம்புகிறார்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் காலை. எங்கள் ஊர்க் கோவிலில் பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் ஆற்றங்கரைவரை வந்தது. ரோஸ்விதா வண்டிக்குள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். லோதார் தொட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் பக்கத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் பேச்சு காதில் விழுந்தது.

"லோதார், நான் கோவில் வரைக்கும் போய்ட்டு வரேன்பா."

"ம்."

"கேட்டுச்சா?"

"ம், ம்."

அந்த "ம்" என்ன பொருள் தரும் என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரோஸ்விதா துடைத்த துணியைத் தோளில் போட்டபடியே போய்விட்டார். லோதார் திரும்பி வந்தார், கை கழுவினார், கட்டைகளை எடுத்து வைத்தார். வண்டியின் பின்னால் கட்டிலுக்கு முன் திரை மூடியிருந்தது. கிளம்புகிற நாளில் ரோஸ்விதாவுக்குத் தலைவலி வருவது வழக்கம். ஏன் கிளம்புகிற நாளில் மட்டும் வருகிறது என்று அவர் ஆராய்ந்ததில்லை. படுத்திருக்கிறாள் என்று முடிவு செய்து, கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார். பாருங்கள், கரிசனத்துக்குக் குறைவில்லை. எனக்குக் கையாட்டினார். கோவில் வாசலில் மனைவியை ஏற்றிக்கொள்வார் என்று நினைத்து நானும் ஆட்டினேன். வண்டி போயிற்று.

ஒத்திகை முடிந்து ரோஸ்விதா வந்தார். கன்னமெல்லாம் சிவந்து, ஒரு சுரத்தை இன்னும் முணுமுணுத்துக்கொண்டு. வண்டி நின்ற இடத்தில் புல் மட்டும் நீளச்சதுரமாகப் படுத்திருந்தது. அவர் அந்தப் புல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போய்ட்டாரா?" என்றார்.

நான் கொடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆக்னஸும் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"பதறாதீங்கம்மா. உங்க ஃபோன்?" என்றேன்.

"வண்டில சார்ஜ் ஏறிட்டிருக்கு."

"பரவால்ல, அவர் நம்பரச் சொல்லுங்க. இப்பவே கூப்பிட்டுடறேன்."

"நம்பர் எனக்கு மனப்பாடம்," என்றார் ரோஸ்விதா. தோளிலிருந்த துணியை எடுத்து நிதானமாக மடித்தார். "ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எந்த ஊர் தாண்டினப்புறம் அவருக்குத் தெரியவருதுன்னு பாக்கணும். ரொம்ப நாளா இதைத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. அது ஆசைன்னுகூட எனக்குத் தெரியாம இருந்துச்சு."

ஆக்னஸுக்குக் கண் பளபளத்தது. அவள் இந்த மாதிரிக் காரியத்துக்கே பிறந்தவள். "ட்ராபன் வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். நான் சொல்றேன் பாருங்க."

"நீங்க நல்ல மனசுக்காரங்க," என்றார் ரோஸ்விதா. "கோக்கெம்."

கோக்கெம் அடுத்து அவர்கள் நிற்க வேண்டிய ஊர். ஆறு எத்தனையோ முறை வளைந்து திரும்பி, எத்தனையோ கோட்டைகளுக்குக் கீழே ஓடித்தான் அங்கே போய்ச் சேரும்.

பிறகு ரோஸ்விதா கேட்டார்: "இந்த ஊர்ல மேசைவிரிப்பு போட்டுச் சாப்பாடு போடற இடம் இருக்கா? யாராவது கொண்டாந்து வைக்கணும். நான் எழுந்திருக்கக் கூடாது."

சதுக்கத்தில் இருக்கிறது. மரச்சட்டம் வைத்த சாய்ந்த வீடுகளுக்கு நடுவே, வாசலில் நாலு மேசை. ஆக்னஸ் அவருக்குத் தன் நல்ல செருப்பைக் கொடுத்து அழைத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அந்த வருடத்தின் முதல் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு வந்திருந்தது. வெண்ணெய் உருக்கி ஊற்றி, பக்கத்தில் ஹாம் வைத்துக் கொண்டுவந்தார்கள். ரீஸ்லிங் ஒயின் ஒரு கோப்பை. ரோஸ்விதா சாப்பிட்ட விதத்தைப் பார்த்தால், டின் சூப்பைக் கண்டுபிடித்தவன் மேல் உங்களுக்குக் கோபம் வரும். பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கீழ்க்குரலுக்கு எங்கள் ஊரில் எப்போதும் பஞ்சம். "நாளைக்கு எங்களோட பாடுங்களேன்" என்றார்கள். அவர் சிரித்தார். மணிக்கூண்டைப் பார்த்தார், நீரூற்றைப் பார்த்தார், மரச்சட்டங்களில் செதுக்கியிருந்த பூவையெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோ வருஷமா இந்தப் பக்கம் வர்றோம், இந்தச் சதுக்கத்த எனக்குத் தெரியாது," என்றார்.

இரண்டாவது கோப்பை பாதியில் நின்றது. ஃபோன் வரவில்லை. யாரும் வரவில்லை. ரோஸ்விதா சாலை திரும்புகிற இடத்தையே பார்க்க ஆரம்பித்தார்.

"தெரியவே இல்லைன்னா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆக்னஸ் பாட்டிலை எடுத்தாள். கோப்பையை நிரப்பினாள். அந்த மேசையில் அதற்கு மேல் யாரும் வேடிக்கையாகப் பேசவில்லை.

சரி, லோதார் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரே பிறகு சொன்னார். அருமையான பயணமாம். அந்த வசந்தத்திலேயே இப்படி ஓட்டினதில்லையாம். "ரோஸி, வலது பக்கம் பாரு, கோட்டை" என்றாராம். "ரோஸி, டீசல் இங்க மலிவு" என்றாராம். பாலத்தின் உயரம், முன்னால் போகிற லாரிக்காரனின் முட்டாள்தனம், தலைவலிக்கு நல்ல காற்று எவ்வளவு உசத்தி, எல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். ட்ராபன் போயிற்று. அதற்கடுத்த ஊரும் போயிற்று. கோக்கெம் வந்தது. புல்வெளியில் ஆசைப்பட்ட மூலை காலியாக இருந்தது. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக எடுக்கத் தயாராகி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

எதற்காக? கையாட்ட ஆள் வரவில்லையே!

ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பக்கத்து வண்டிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ரோஸி, வெயிலு நல்லாருக்கு, கொஞ்சம் இறங்கேன்" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போய்த் திரையை விலக்கினார். கட்டிலில் போர்வை குவிந்து கிடந்தது. போர்வையை எடுத்தார். தலையணை.

நான் இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இந்த இடத்தில் அந்த மனிதர் பட்ட பாடு சிரிக்கக் கூடியதல்ல. அவள் நம்பருக்கு அடித்திருக்கிறார். சமையல் மேடையில் ஃபோன் மணியடித்திருக்கிறது. ஏதோ ஒரு வளைவில் கதவு திறந்து விழுந்துவிட்டாள் என்று தோன்றியிருக்கிறது. போலீசுக்கு அடித்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்: உயரம் எவ்வளவு, முடி என்ன நிறம், என்ன உடை? பின் அச்சில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர், காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடித்தவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று தெரியாமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ ஒரு ஸ்வெட்டர்," என்றாராம்.

வந்த வழியே திரும்பினார். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். புல்வெளியில் ஆளைக் காணாமல் ஊருக்குள் தேடிக்கொண்டு எங்கள் சதுக்கத்துக்குள் அந்த வண்டி நுழைந்தபோது, இறங்குகிற படி உள்ளே மடங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. சதுக்கத்துக்குள் வண்டிகள் வரக்கூடாது. நீரூற்றுக்குக் குறுக்கே கோணலாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் குதித்து ஓடி வந்தார். மேசையில் மனைவியைக் கண்டதும் நின்றுவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எங்க போன நீ?" என்று கத்தினார்.

"நான் எங்கயும் போகல," என்றார் ரோஸ்விதா. "நீதான் போன."

"செத்துப்போய்ட்டன்னு நெனச்சேன், ரோஸி."

"எப்ப நெனச்ச?"

"என்ன?"

"எந்த ஊர்ல நெனச்ச?"

லோதார் தரையைப் பார்த்தார். "கோக்கெம்."

ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஸ்விதா சிரிக்கவில்லை.

"வழி முழுக்க உங்கிட்ட பேசிட்டேதான் வந்தேன், சத்தியமா," என்றார் லோதார்.

"சரி. நான் என்ன பதில் சொன்னேன்?"

அந்த மனிதர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். லிஃப்ட் பரிசோதகர்கள் பொய்ச் சான்று தருவதில்லை.

"நீ... எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

சதுக்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். பரிமாறுகிற பெண் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். ரோஸ்விதாவும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸ் கேட்ட கேள்வியை லோதார் அப்போதுதான் சொன்னார், பதில் தெரியாமல் நின்றதையும் மறைக்காமல். "இப்ப பாத்துக்கிட்டேன். மஞ்சள். பித்தான் மரத்துல," என்றார். ஆக்னஸ் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு கோப்பை எடுத்து வரப்போகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு நான் இங்க பாடப்போறேன்," என்றார் ரோஸ்விதா.

"பாடு."

"ராத்திரி இவங்க வீட்டு மாடில, அசையாத கட்டில்ல படுக்கப்போறேன்."

"படு."

"இனிமே எந்த ஊருக்குப் போனாலும் இறங்கி நடக்கணும். உக்காந்து சாப்பிடணும்."

"சரி, ரோஸி."

"இது நீயா சொல்றியா, இல்ல நான் வண்டில ஒத்துக்கிட்ட மாதிரியா?"

லோதார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரோஸ்விதா தன் தட்டில் மீதமிருந்த அஸ்பாரகஸை அவர் பக்கம் தள்ளினார். அவர் சாப்பிட்டார். ஊர்க் காவலர் வந்து வண்டியை எடுக்கச் சொல்லும்வரை, எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு நினைவே வரவில்லை.

மறுநாள் கோவிலில் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழைய கட்டடத்துக்குள் அவர் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குருத்துக் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே வளைவுகளைப் பார்த்தார். என் காதோரம் சாய்ந்து, "அந்த மூணாவது தூண் நேரா இல்ல," என்றார். பாட்டு ஆரம்பித்தது. அந்தக் கனத்த குரல் மற்றக் குரல்களுக்கெல்லாம் அடியில் புகுந்து தாங்கியது. லோதார் தூணை விட்டுவிட்டார். பாட்டு முடிகிற வரை மஞ்சள் ஸ்வெட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்படியானால் திருந்திவிட்டார் என்கிறீர்கள். அட, நீங்கள் ஒருத்தர்! இந்த வருடம் பீச் பூத்தது, அவர்களும் வந்தார்கள். ஊர்களில் இறங்கி நடக்கிறார்கள், அது நிஜம். மேசைவிரிப்புக்கும் குறைவில்லை. சாயங்காலம் லோதார் நாற்காலியைப் பக்கத்து வண்டியைப் பார்த்துப் போட்டு, கோக்கெம் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். எதற்காகத் தெரியுமா? "அப்படி ஒரு சஸ்பென்ஷன்! அப்படி ஒரு சத்தமில்லாத எஞ்சின்! ஆள் உள்ள இருக்காளா இல்லையான்னே தெரியலைன்னா பாத்துக்குங்க!" பக்கத்து வண்டிக்காரர் மரியாதையோடு தலையாட்டினார். அவருடைய மனைவி தலையாட்டவில்லை. எழுந்து போய், ரோஸ்விதாவிடம் கோவிலுக்கு வழி கேட்டார்.

நீங்கள் இப்போது நிம்மதியாகச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உங்களிடம் வீட்டு வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது, ஒயின் தொடுவதில்லை. நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டே நடுவில் ஒன்றிரண்டு வரியைப் பக்கத்து அறைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினீர்களே, அங்கிருந்து பதில் வந்ததா? வந்த மாதிரி இருந்ததா?

எதற்கும் ஒரு நடை எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.